ரெஜினா டீச்சரின் கணக்குச் சைகைகள்

எங்கள் பள்ளியில் மணி அடிப்பதில்லை. பாடவேளை மாறும்போது வகுப்புகளில் விளக்கை எரித்து அணைப்பார்கள். அன்று முதல் பாடவேளைக்கு விளக்கு எரிந்து அணைந்த பிறகு அலுவலகத் தொலைபேசி அடித்தது. ரெஜினா டீச்சரின் தம்பி மருத்துவமனையிலிருந்து பேசினார். விடியற்காலையில் அக்கா போய்விட்டாள் என்றார்.

காது கேளாத எங்கள் பெண் பிள்ளைகளிடம் அதைச் சொல்லும் பொறுப்பைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தார். பத்தாம் வகுப்பு வாசலில் நின்று கையைத் தூக்கினேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. முதல் பெஞ்சில் இருந்த பெண் மட்டும், "வலி இருந்ததா?" என்று கையால் கேட்டாள். தெரியவில்லை என்றேன். டீச்சரோடு படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் இதை வாசிப்பீர்கள். எனக்குத் தெரிந்த ரெஜினா டீச்சரைப் பற்றி உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

நான் பல்லடம் பக்கத்துப் பெண். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பி.எஸ்ஸி. கணக்கும் பயிற்சியும் முடித்து, கோவையில் இந்த வேலைக்கு வந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் என் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "உடுங்க அம்மணி, இத்துனூண்டு கொரலு போதுமுங்க. நம்ம பொழைக்க வந்த எடத்துல யாருக்குக் கேக்கப்போவுது?" அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவர்தான் ரெஜினா டீச்சர்.

அந்த நாட்களில் எங்கள் பள்ளியில் சைகைக்கு அனுமதி இல்லை. கை பழகினால் பேச்சு வராது என்பது நிர்வாகத்தின் உறுதியான நம்பிக்கை. பிள்ளைகள் ஆசிரியரின் உதட்டைப் பார்த்து மொழி கற்க வேண்டும். விடுதியில் மட்டும் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வார்கள். கணக்கு வகுப்பில் இதன் விளைவு விசித்திரமாக இருந்தது. "ஆரம்", "விட்டம்", "பின்னம்", "சுற்றளவு" என்று எல்லாச் சொல்லையும் பிழையில்லாமல், முத்து முத்தாக எழுதுவார்கள். ஒரு வட்டத்தைப் போட்டு, இதில் ஆரம் எது என்று கேட்டால் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சொற்களுக்குள் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. உதட்டில் பகு எண்ணும் பகா எண்ணும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு நாள் என் அப்பா என்னைப் பார்க்க வந்தார். பள்ளிக்கு எதிர்ப்பக்கம் பேருந்தை விட்டு இறங்கியவர், சாலையைக் கடக்காமல் அங்கிருந்தே கையால் கேட்டார்: சாப்பிட்டாயா, உடம்புக்கு எப்படி, ஊருக்கு எப்போது வருகிறாய்? நானும் கேட்டிலிருந்து கையாலேயே பதில் சொன்னேன். பின்னால் ரெஜினா டீச்சர் நின்றிருந்தார்.

"ஏனுங்க, உங்கப்பாவுக்குக் காது கேக்காதுங்களா?"

"கேக்குமுங்க டீச்சர். எங்களுது தறி ஓடற ஊடுங்க. அந்தச் சத்தத்துல கத்துனா தொண்டைதான் போவுமுங்க. அதான் எல்லாருமே இப்படி."

எனக்குக் கூச்சமாக இருந்தது. படித்த பெண் நடுரோட்டில் கையை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டாரே என்றிருந்தது. அவரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "இத்தன நாளா இத வெச்சுக்கிட்டு சும்மாவா இருந்தீங்க? தறியில நூல் மிச்சமிருந்தா எப்படிச் சொல்லுவீங்க?" நான் சுண்டுவிரல் நுனியில் கட்டைவிரலை வைத்துக் காட்டினேன். "இதானுங்க மீதி. இன்னிக்கே ஆரம்பிச்சிருவோம்" என்றார்.

அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பு நடந்தது. பதினேழை ஐந்தால் வகுத்து, மிஞ்சிய இரண்டைக் காட்டி, சுண்டுவிரலைத் தொட்டார். பிள்ளைகள் முதலில் கதவைப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள். ஆசிரியர்களே சைகை செய்வதை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

டீச்சர் ஒரு வழிமுறை வைத்திருந்தார். ஒரு சைகையை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ஆனால் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கொண்டு நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருளைப் புரியவைக்க வேண்டும். சின்னவளுக்குப் புரிந்தால் சைகை நிற்கும். புரியாவிட்டால் அது டீச்சருடையதாக இருந்தாலும் போய்விடும். சுற்றளவுக்கு டீச்சர் கொண்டுவந்த சைகையைப் பார்த்து நான்காம் வகுப்புக் குழந்தை, துணி பிழிகிறார்கள் என்று எழுதிவைத்தாள். "என்னுது செத்துப்போச்சு, எடுத்துப் பொதச்சுப்போடுங்க" என்றார் டீச்சர். மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் மூட்டை தூக்குபவரின் மகள் பூங்கொடி எழுந்து வந்து, இடது உள்ளங்கையின் ஓரத்தில் வலது கையின் இரண்டு விரல்களை வேலி ஓரம் நடப்பதுபோல நடத்திக்காட்டினாள். பிறகு உள்ளங்கை முழுவதையும் தடவினாள். முதலாவது சுற்றளவு, அடுத்தது பரப்பளவு. நான்காம் வகுப்புக் குழந்தை கைதட்டினாள். சைகை வந்ததும் அந்தச் சொல்லை உடனே எழுத வேண்டும் என்பதில் மட்டும் டீச்சர் விட்டுக்கொடுக்கமாட்டார். "பரீச்சைல கேள்வி எழுத்துலதான் வருமுங்க. கை சொன்னத பேனாவும் சொல்லோணும்" என்பார்.

சாத்திய கதவு எத்தனை நாள் மறைக்கும்? தாளாளருக்குத் தெரிந்துவிட்டது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் எட்டாம் வகுப்புக்குமேல் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது, தையல் கற்றுக்கொடுத்தால் பிழைப்பார்கள் என்று நினைத்தார். அந்த ஆண்டோடு ஒன்பது, பத்தை மூடிவிடும் யோசனையும் இருந்தது.

"கைய ஆட்டிக் கணக்கு வந்துருமாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"ஒரு வருசம் குடுங்க ஐயா. பத்தாவது கணக்குல எங்க புள்ளைக ஒருத்தி தவறுனாலும், நானே தையல் மெசினத் தொடச்சு வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிர்றேன்."

அவர் சரி என்றார். வெளியே வந்ததும் டீச்சர் என்னிடம், "அம்மணி, எனக்குத் தையலும் வராதுங்க" என்றார்.

கணக்குத் தேர்வு வேறொரு பள்ளியில் நடந்தது. நாங்கள் இருவரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காவலாளி ஓடிவந்து, உங்கள் பிள்ளையைக் காப்பி அடித்ததாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார். முதன்மைக் கண்காணிப்பாளரின் அறையில் பூங்கொடி நின்றிருந்தாள். விடைத்தாள் மேசைமேல் இருந்தது. அவள் பக்கத்து மேசைக்குக் கையால் விடை சொன்னாள் என்று அறைக் கண்காணிப்பாளர் புகார் செய்திருந்தார். அவளை அனுப்பிவிட்டால் அந்த ஆண்டும் போயிற்று, எங்கள் பத்தாம் வகுப்பும் போயிற்று.

ரெஜினா டீச்சர் அவளிடம், என்ன செய்தாய் என்று கேட்டார். அவள் உள்ளங்கை ஓரத்தில் இரண்டு விரல்களை நடத்தினாள்.

"ஐயா, இது விடையில்லீங்க" என்றார் டீச்சர். "கேள்வில சுற்றளவுன்னு இருந்திருக்குது. அது என்னன்னு தனக்குத்தானே சொல்லிப் பாத்திருக்கறா. நாம கணக்குப் போடறப்ப வாய்க்குள்ளயே முணுமுணுக்கறமில்லீங்களா? இவ கைல முணுமுணுக்கறா. சந்தேகம்னா செவுத்தப் பாத்து ஒக்கார வெச்சு எழுத வையுங்க. கைய மட்டும் கட்டிப்போடாதீங்க."

முதன்மைக் கண்காணிப்பாளர் வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். சுற்றளவுக் கணக்கு அதில் இருந்தது. விடைத்தாளைப் பூங்கொடியிடம் நீட்டினார். அவள் கடைசி அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து மீதித் தேர்வை எழுதினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். சுவருக்கு முன்னால் அவள் கைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் தேறினார்கள். பூங்கொடிதான் முதல் மதிப்பெண். தாளாளர் வகுப்புக்கே வந்து, சுற்றளவு எப்படி என்று அவளிடம் கேட்டுத் தானும் விரல்களை நடத்திப் பார்த்தார். தையல் வகுப்பும் நடக்கிறது. விரும்புகிறவர்கள் போகிறார்கள். பத்தாம் வகுப்பு மூடப்படவில்லை.

டீச்சரை அடக்கம் செய்த அதே வாரத்தில் இந்த ஆண்டின் கணக்குத் தேர்வு வந்தது. தேர்வு மையமும் புதிது, முதன்மைக் கண்காணிப்பாளரும் புதியவர். கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பலாமா, எதற்கு வம்பு என்று தலைமையாசிரியை கேட்டார். வேண்டாமுங்க என்றேன். முந்தின நாளே தனியாக அந்தப் பள்ளிக்குப் போய் அவரைப் பார்த்தேன்.

"எங்க புள்ளைங்க கைய அசைச்சுத்தானுங்க யோசிப்பாங்க. ரூமுக்குப் போற சாருங்ககிட்ட முன்னாடியே சொல்லிப்போடுங்க."

"காப்பி அடிச்சா யாரும்மா பொறுப்பு?"

"நானுங்க. கேட்டுலயேதான் நிப்பேன். கூப்பிடுங்க."

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

டீச்சரின் வகுப்பில் உருவான சைகைகள் பிள்ளைகளுடையவை. அவை அவர்களிடமே இருக்கும். ரெஜினா டீச்சரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, அந்தக் கேட்டில் நிற்கும் வேலை. மறுநாள் வெயில் ஏறும்வரை நின்றேன். ஜன்னலுக்குள் கைகள் அசைந்தன. என்னை யாரும் கூப்பிடவில்லை.