ஹெல்த்கேரில் ஒரு மேனேஜர்

ஊரில் ஒரு நூல் மில்லின் கணக்குப் பிரிவையே கட்டி மேய்த்தவர். வெளிநாடு வந்ததும் மேனேஜர் என்ற பட்டம் மனைவியின் வாயில் மட்டும் மிஞ்சியது. "மேனேஜர் சார், குப்பை நிறைஞ்சு வழியுது" என்பார். மேனேஜர் எழுந்து போவார்.

மனைவி நர்ஸ். விசா அவருடையது, மேனேஜர் அதில் தொற்றிக்கொண்டு வந்தவர். இப்போது மனைவிக்கு ஆறாம் மாதம். ராத்திரி டியூட்டியை விடச் சொல்லிவிட்டார் டாக்டர். விட்டால் பாதிச் சம்பளம். மேனேஜருக்கு நிலையான வேலை கிடைக்கும்வரை, வீங்கிய காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு மனைவி போய்த்தான் ஆக வேண்டும்.

மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: இந்த நாட்டில் வேலை பார்த்த அனுபவம் உண்டா? ஓர் இடத்தில் மட்டும், அவரைப் பற்றி விசாரிக்க யாராவது உண்டா என்று கேட்டார்கள். மகிழ்ச்சியோடு மில் முதலாளியின் நம்பரைக் கொடுத்தார். அங்கே அப்போது நடுச்சாமம். தூக்கம் கலைந்த முதலாளி என்ன சொன்னாரோ, பேட்டி எடுத்தவர் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

கடைசியில் ஒரு காண்ட்ராக்டர் மூலம் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை கிடைத்தது. நோயாளிகள் சாப்பிட்ட தட்டுகளை வழித்துக் கொட்டி, கழுவும் இயந்திரத்துக்குள் அடுக்க வேண்டும். கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் சம்பளம் இல்லை.

மனைவியின் அண்ணன் பதறிப்போனார்.

"மாப்பிள்ள, இதைப் போய் வெளியில சொல்லிக்கிட்டிருக்காதீங்க."

"பொய் சொல்லணுமா மச்சான்?"

"பொய் எதுக்கு? துறையச் சொல்லுங்க, வேலையச் சொல்லாதீங்க. நான் விமானத் துறைல இருக்கேன்னுதான எல்லாருக்கும் தெரியும்?"

மச்சான் விமான நிலையத்தில், பயணிகள் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வருபவர். நம்மவர்கள் கூடும் இடத்தில் இப்படிச் சொல்லிக்கொள்பவர் அவர் மட்டுமில்லை. கல்வித் துறைக்காரர் பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறார். எரிசக்தித் துறைக்காரர் பெட்ரோல் பங்க்கில் நிற்கிறார். எல்லோருக்கும் எல்லோருடைய வேலையும் தெரியும். ஆனாலும் யாரும் யாரையும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அது அங்கே எழுதாத ஒப்பந்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சான் மகளின் பிறந்தநாள். சோபாவில் ஆறு பேர், தரையில் அதற்கும் மேல். குளிர்பதனக் கிடங்கு நடத்தும் ஒருவரும் வந்திருந்தார். அவர் வேலை கொடுப்பவர். அதனால் அவருக்குத் துறை தேவைப்படவில்லை.

"தம்பி எங்க இருக்கீங்க?" என்றார் மேனேஜரிடம்.

"ஹெல்த்கேர். நிர்வாகம்."

"அடடா, நல்லாச் செட்டில் ஆயிட்டீங்க. சரக்குக் கணக்கு பாக்க நம்பிக்கையா ஒரு ஆள் தேடிக்கிட்டிருக்கேன். பகல் வேலை, நிரந்தரம். மில் கணக்கு பாத்தவருன்னு கேள்விப்பட்டேன், உங்களக் கேக்கலாம்னுதான் வந்தேன். சரி, விடுங்க."

மேனேஜர் வாயைத் திறந்தார். மேஜைக்கடியில் மச்சானின் குதிகால் அவர் காலை நசுக்கியது. வாய் மூடிக்கொண்டது. எதிரே மனைவி நின்றிருந்தார். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒரு காலிலிருந்து பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றினார்.

கிடங்குக்காரர் கிளம்பியதும், மேனேஜர் செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். நான் நிர்வாகத்துல இல்லண்ணே. ஆஸ்பத்திரி கிச்சன்ல தட்டு கழுவுறேன். அதுவும் கூப்பிட்டாத்தான்."

கிடங்குக்காரர் அவர் வெறுங்காலைப் பார்த்தார்.

"இந்த வேலைக்கு இதோட நாலு பேர் கேட்டாச்சு தம்பி."

"நாலு பேரா?"

"மத்த மூணு பேரும் ஒரு ஃபிரெண்டுக்காகக் கேட்டாங்க. ஃபிரெண்டு ரொம்ப நல்லவராம், திறமைசாலியாம். சரி, அவரக் கூட்டிட்டு வாங்கன்னா, ஒருத்தரும் கூட்டிட்டு வரல. உங்க மச்சானுக்கும் அப்படி ஒரு ஃபிரெண்டு இருக்காரு."

நசுங்கிய கால் விரல் மேனேஜருக்கு இப்போது கூடுதலாக வலித்தது.

"கிடங்குல இல்லாத சரக்க இருக்குன்னு எழுதுற ஆள் எனக்கு ஆகாது. நாளைக்குக் காலைல வந்துருங்க. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வாங்க, உள்ள பல்லு கிட்டிக்கும். செருப்பும் போட்டுக்கோங்க."

முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்த அன்றே மனைவி ராத்திரி டியூட்டி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தபோது தங்கை உள்ளறையில் காலுக்குத் தலையணை வைத்துப் படுத்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகல். மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ள, கிடங்குல இன்னொரு ஆள் எடுக்குறாங்களாமே. என் ஃபிரெண்டு ஒருத்தர்..."

மேனேஜர் எழுந்து உள்ளறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்தார்.

"வண்டில பெட்டி ஏத்துற வேலை மச்சான். அந்த ஃபிரெண்டுக்கு இடுப்பு தாங்குமா?"

மச்சான் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தள்ளுவண்டி தள்ளுன இடுப்பு மாப்பிள்ள," என்றார். "தாங்கும்."