அடுத்தவர் தலையில் ஒரு பொருத்தனை

எங்கள் அத்தானுக்கு உடம்பில் எங்காவது வலி வந்தால் வீட்டில் மற்றவர்கள்தான் பயப்பட வேண்டும். அவருக்கு எப்படியும் குணமாகிவிடும். அதற்கு விலை கொடுக்கப்போவது யார் என்பதுதான் எங்கள் கவலை.

அத்தான் என் அக்காவின் கணவர். பல் செட் செய்வது தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் பல்லைப் பதித்து, கடைசியில் ரோஸ் நிற ஈறோடு ஒரு முழு வாயைச் செய்து கொடுப்பார். கடை என்பது வீட்டின் முன்னறை. நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். மெழுகு வேலை என் பொறுப்பு. சுவரில் பலகை அடித்து பிளாஸ்டர் தாடைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். அவ்வளவு வாய்கள் இருந்தும் அந்த அறையில் பேசுகிற வாய் ஒன்றே ஒன்றுதான். வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் செய்த செட்டை மாட்டிக்கொண்டு கிழவர்கள் வேர்க்கடலை மெல்வதை நானே பார்த்திருக்கிறேன். இதோடு அவரைப் பற்றி என்னிடம் இருந்த நல்ல வார்த்தை தீர்ந்தது.

எங்கள் சபையில் கடவுளிடம் வாக்குக் கொடுப்பதைப் பொருத்தனை என்போம். இந்த ஆபத்திலிருந்து காப்பாற்றும், நான் இன்னது செய்கிறேன் என்று சொல்வது. சொல்லாமலே இருந்துவிட்டால் குற்றமில்லை, சொல்லிவிட்டு ஏமாற்றினால்தான் குற்றம் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அத்தான் ஏமாற்றுகிறவர் அல்ல. ஒவ்வொரு பொருத்தனையையும் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுவார். ஆனால் அவர் பொருத்தனை செய்வதெல்லாம் அடுத்தவருக்குச் சொந்தமானதை.

கல்யாணமான புதிதில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அக்காவுக்கோ டீ என்றால் உயிர். பிழைத்தெழுந்தால் என் மனைவி இனி டீயைத் தொடமாட்டாள் என்று இவர் வேண்டிக்கொண்டார். பிழைத்தார். அன்றிலிருந்து அக்கா அவருக்கு வேளை தவறாமல் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் உறிஞ்சி முடிக்கும்வரை டம்ளருக்காகப் பக்கத்தில் நிற்கிறாள். பிறகு குடலிறக்கம் வந்தது. அப்போது என் அப்பா வைத்துவிட்டுப்போன சுவர்க்கடிகாரத்தை ஆலயத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். எங்கள் அப்பாவுடைய கடிகாரம்! நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவரில் ஆணிதான் மிச்சம். கேட்டதற்கு, ஆண்டவருக்குக் கொடுப்பதற்கெல்லாம் கணக்குப் பார்க்கிறாயே என்று என் பக்தியைச் சந்தேகப்பட்டார்.

அவருக்கென்று சொந்தமாக ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. மூக்குப்பொடி இருக்கிறது, மதியத் தூக்கம் இருக்கிறது, கதவு நிலை அதிரக் கத்துகிற முன்கோபம் இருக்கிறது. எந்தக் காய்ச்சலிலும் அவற்றின் மீது கைவைக்க அவருக்குத் தோன்றியதில்லை.

இந்த மனிதருக்குத்தான் தொண்டையில் ஒரு கட்டி வந்தது.

டாக்டர் அதில் துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை அத்தான் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை. எனக்குக் கட்டியைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது. உள்ளே ஏதோ பேரம் நடக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, பயப்பட ஒன்றுமில்லை, வெறும் சதை வளர்ச்சி என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரத்தில் அத்தான் முதல் ஆளாக எழுந்தார். நோயின் கொடுமையை வாய் கிழிய விவரித்தார். முடிவில், தன் ஒரே மகளைக் கர்த்தருக்கென்று கொடுத்துவிட்டதாகவும், அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் முழுநேர ஊழியத்துக்குப் போவாள் என்றும் அறிவித்தார்.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் வேலை. அங்கே லிஃப்ட் பழுது பார்க்க வருகிற மெக்கானிக்கை அவளுக்குப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தவர்களில் அத்தானும் ஒருவர். அவர் அறிவித்ததும் அவள் முதலில் சிரித்தாள். அப்பா வேறு யார் மகளைப் பற்றியோ உளறுகிறார் என்று நினைத்திருப்பாள். சபையார் திரும்பி அவளைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் என் முழங்கையை இறுகப் பிடித்தாள். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அத்தானைக் கட்டித் தழுவினார்கள். எப்பேர்ப்பட்ட விசுவாசம் என்றார்கள். அவர் அழுதார். அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும் அக்காவின் கைக்குட்டையைத்தான் வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அத்தான் அசைந்து கொடுக்கவில்லை.

"கர்த்தர்கிட்ட விளையாட முடியாதும்மா. வாய்விட்டுச் சொல்லிட்டேன். இனிமே அது என் கையில இல்ல."

ஜெயித்து வந்தால் வீட்டு வாசலில் எதிரே வருவதைப் பலியிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் மகளையே இழந்த, பைபிளில் வருகிற படைத்தலைவரின் கதையை அவளுக்குச் சொன்னார். அதை ஏதோ பாராட்டு விழாவில் பேசுவது போலச் சொன்னார். அந்த அப்பன் மகளைக் கண்டதும் துணியைக் கிழித்துக்கொண்டு கதறினானாம், நீங்கள் இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறீர்களே என்று நான் கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவது மெழுகு விஷயமாக மட்டும்தான்.

இவரை உதறிவிட்டுப் போ என்று அவளிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவளால் முடியவில்லை. அவளுக்கு உண்மையிலேயே கடவுள் பயம் உண்டு. நான் போய்விட்டால் அப்பாவுக்குத் திரும்பவும் அந்தக் கட்டி வந்துவிடுமோ சித்தி, வந்தால் அது என்னால்தானே என்று கேட்டாள். சொன்னவர் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். சொல்லாதவள் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். கடைசியில் அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இனி என்னைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். அக்கா பெட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளை அழைத்துப்போக ஒரு பெண்மணி வந்தார். வெகுதொலைவில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கான காப்பகம் ஒன்றை நடத்துகிறவர். எல்லோரும் அவரைக் காப்பகத்து அம்மா என்றுதான் சொல்வார்கள். போதகர் அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். நான் மெழுகு அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு, தலை சீவி, மகளைக் கொடுக்கும் தகப்பனுக்குரிய முகத்தோடு வந்து நின்றார்.

காப்பகத்து அம்மா அவரைக் கவனிக்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"நீ எப்பம்மா பொருத்தனை பண்ணின?"

"நான் பண்ணலம்மா. அப்பா பண்ணினாங்க."

அவர் போதகரைத் திரும்பிப் பார்த்தார். போதகர் தரையில் சிந்தியிருந்த பிளாஸ்டர் தூளைப் பார்த்தார். இதை ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றாத அந்த மனிதரை நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

"நான் என் வாயாலதான் சொல்லிட்டு அங்க போனேன்" என்றார் காப்பகத்து அம்மா. "அப்படிப் போயும் முதல் வருஷம் பூரா ஓடிப்போயிடலாமான்னுதான் இருந்துச்சு. சொன்னது நான்தானேங்கற ஒண்ணுதான் என்னை நிறுத்தி வெச்சது. இந்தப் பொண்ண எது நிறுத்தி வைக்கும்?"

அவர் அத்தான் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை, வேலைக்கு ஆள் எடுக்கிறவர் கேட்பது போலத்தான் கேட்டார்.

"பொருத்தனை உங்களோடது. நீங்க வாங்க. ஆம்பளைங்க பக்கம் குளிப்பாட்டி விட ஆள் இல்லாம கஷ்டப்படறோம். எப்ப வர்றீங்க?"

அத்தான் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பை விழுங்கினார். முழங்கால் வலி என்றார். ரத்த அழுத்தம் என்றார். டாக்டர்கள் தன்னை நம்பி வேலை அனுப்புகிறார்கள், கடையை யார் பார்ப்பது என்றார். எதற்கும் அந்த அம்மா முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கவும், குரல் இறங்கிக் குழைந்தது.

"ஏதோ பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேங்க. அதைப் போய் ஆண்டவர் பெருசா எடுத்துக்குவாரா?"

"எடுத்துக்குவார்" என்றார் காப்பகத்து அம்மா.

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மகளின் தலையில் கைவைத்து, உன்மேல் எந்தக் கட்டும் இல்லை, போய் உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போதகரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே ஓடி அக்காவைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. ஆனால் மகள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. விடுதலையான முகமே அது இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ பயத்துல சொல்லிட்டேன்னு இப்ப சொன்னீங்களே" என்றாள். "நான் அவ்வளவு அழுதப்போ அதை எனக்காக ஒரு தடவை சொல்லியிருக்கலாமேப்பா."

அவள் பதிலுக்காகத்தான் நின்றாள். உண்மையாகவே ஒரு பதில் வரும் என்று நம்பி நின்றாள். அத்தான் பலகையிலிருந்து ஒரு தாடையை எடுத்தார், புரட்டிப் பார்த்தார், ஊதினார். பிறகு என் பக்கம் திரும்பி, சாயங்காலம் கொடுக்க வேண்டிய செட்டுக்கு மெழுகு வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டார்.