முப்பத்தஞ்சு சதவீத வெளிச்சம்

எங்க தொழில்ல சாவு வெள்ளையா வரும். அதைப் பார்த்து வீட்டுக்காரங்க, "தொட்டி இப்பதான் பளிச்சுன்னு இருக்கு"ன்னு சந்தோஷப்படுவாங்க.

நான் விழுப்புரத்துல மீன் தொட்டி வேலை பண்றேன். தங்க மீன், சண்டை மீன் எல்லாம் இல்லை. உப்புத் தண்ணி ஊத்தி, உள்ளே உயிருள்ள பவளம் வளக்கற தொட்டி. இங்கயும் திண்டிவனத்துலயும் சேர்த்து இதை வச்சிருக்கிறவங்களை ரெண்டு கை விரல்ல எண்ணிடலாம். பவளத்தைச் சென்னையிலேர்ந்து, பண்ணையில வளத்ததுதான்னு பில்லோட வாங்கியாருவேன். தொட்டி மேல தொங்கற லைட்டுதான் அதுக்குச் சோறு. கம்மியானா பட்டினி. ஜாஸ்தியானா வெந்து வெளுத்துப் போயிடும். யாருக்கு எவ்ளோ வெளிச்சம்னு சொல்றதுதான் என் பொழைப்பு. அதுக்குன்னு ஒரு மீட்டர் வச்சிருக்கேன். தண்ணிக்குள்ள விட்டா வெளிச்சத்தை நம்பராக் காட்டும். என் பையை விட்டு அது இறங்கினதே இல்லை. ஆளுங்களோட மாரடிக்கிற தொழில் எதுல நீங்க மாட்டிக்கினு இருந்தாலும் சரி, நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.

சென்டம்

திண்டிவனத்துல ஒரு ஜவுளிக்கடைக்காரரு. பட்டுப்புடவை செக்‌ஷனுக்குப் பக்கத்துலயே தொட்டி. லைட்டை செல்போன்லயே கூட்டிக் குறைக்கலாம். நூறு வரைக்கும் போகும். நான் மீட்டரை விட்டு அளந்து முப்பத்தஞ்சுல வச்சேன். "ரெண்டு மாசம் இதுலயே ஓடட்டும், அப்பறம் நானே வந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன், நீங்க கை வைக்காதீங்க"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

பத்தே நாள்ல போன். போய்ப் பார்த்தா, உள்ளே எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்குது. புடவை எடுக்க வந்த பொம்பளைங்க, "எவ்ளோ அழகா இருக்கு பாரேன்"னு செத்த பவளத்தைப் போட்டோ புடிச்சுக்கினு இருக்காங்க. அவரு செல்போனை வாங்கிப் பார்த்தேன். நூறு! எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தண்ணியை அங்கயே ஊத்திட்டு வந்திருப்பேன். அந்த மனுஷன் கொஞ்சங்கூடக் கலங்கலை. "முப்பத்தஞ்சுன்னா ஜஸ்ட் பாஸ்தானே தம்பி, நம்ம கடையில போய் ஜஸ்ட் பாஸா, அதான் சென்டம் வச்சேன்."

பதினாறு நாள்

விழுப்புரத்துல அரிசி மண்டி வச்சிருந்த ஒரு பெரியவரு திடீர்னு போயிட்டாரு. தொட்டி மேல உசுரையே வச்சிருந்தவரு. தினம் காலையில அதும் முன்னாடி சேர் போட்டு உக்காந்துதான் காப்பி குடிப்பாரு. மாலை வாங்கிக்கினு போனேன். ஹால்ல டி.வி. மேல துண்டு போட்டு மூடியிருந்தாங்க. தொட்டியை நான் திரும்பிப் பார்க்கலை. எழவு வீட்ல போய் தொட்டியையா பார்ப்பாங்க?

கருமாதிக்குப் போனப்பதான் பார்த்தேன். தொட்டி மேலயும் ஒரு வெள்ளைத் துணி. தூக்கினா நாத்தம் குப்புன்னு அடிச்சுது. சாவு விழுந்த அன்னிக்கே லைட்டு வயரைப் புடுங்கி விட்டுட்டாங்க. பதினாறு நாள் இருட்டுல கெடந்து, பாதி சுருங்கி, பாதி அழுகிப் போயிருந்துச்சு. அவரு போனதுக்கு வராத அழுகை எனக்கு அப்ப வந்துடுச்சு. யாரைத் திட்டறது? மொட்டை அடிச்சுக்கினு நிக்கிற பையன்கிட்ட, "ஏம்ப்பா, ஒரு போன் பண்ணக் கூடாதா?"ன்னு மட்டும் கேட்டேன். "எழவு வீட்ல கலர் லைட்டு எரிஞ்சா சம்பந்தி வீட்டுக்காரங்க என்னண்ணே நினைப்பாங்க?"

சிக்னல் பார்த்த கண்ணு

அதெல்லாம் அவங்க பண்ணது. இனிமே சொல்றது நான் பண்ணது.

அந்தோணிசாமி சார் ரயில் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வல்லம் பக்கம் கூலி வேலைக்குப் போற குடும்பத்துலேர்ந்து படிச்சு மேல வந்த முத ஆளு. விழுப்புரம் ஸ்டேஷனுக்குக் கிட்ட சொந்த வீடு. அவரும் அவரு சம்சாரம் ஸ்டெல்லாம்மாவும் மட்டும்தான். "ஆயுசு பூரா கண்ணாடி வழியா ஓடறதையே பார்த்தாச்சு, இனிமே ஒரு எடத்துல நிக்கறதைப் பார்க்கணும்"னு சொல்லித் தொட்டி வச்சாரு. நான் போனாலே ஒரு கிண்ணம் வேகவச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வந்துடும். சொன்ன பேச்சு கேக்கற ஒரே கஸ்டமர். முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சு. ஒரு வருஷம் பவளமெல்லாம் தளதளன்னு இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள், "லைட்டு மங்கிடுச்சு, வந்து பாரு"ன்னு போன். மீட்டரை விட்டேன். முத நாள் என்ன காட்டிச்சோ அதேதான் காட்டிச்சு. அடுத்த மாசமும் அதே போன், அதே மீட்டர், அதே நம்பர். "சார், லைட்டுல ஒரு குறையும் இல்லை"ன்னேன். மனுஷனுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "மீட்டர் ஆயிரம் சொல்லும் தம்பி, இது முப்பது வருஷம் சிக்னல் பார்த்த கண்ணு, இதுக்குத் தெரியாதா?"

மூணாவது லைட்டு

அந்தக் கண்ணுக்காகவே ரெண்டாவதா ஒரு லைட்டு மாட்டினேன். பவளம் நுனியிலேர்ந்து வெளுக்க ஆரம்பிச்சுச்சு. நான் குறைச்சுட்டுப் போவேன். அடுத்த வாரம் வந்தா ஏத்தி வச்சிருப்பாரு. "உங்களைப் போய் ஒழுங்கான ஆளுன்னு நினைச்சேனே சார்"னு வாய்விட்டே சொல்லியிருக்கேன். பேஜாரு தாங்காம, கடைசியில அவரு கேட்ட மூணாவது லைட்டையும் மாட்டப் போனேன்.

மாட்டிக்கினு இருக்கும்போது, பக்கத்து ஸ்டூல்ல இருந்த டீ டம்ளரைத் தெரியாமத் தட்டி விட்டுட்டாரு. "இடது கோடியில இருந்த மஞ்சப் பவளத்தை எங்க எடுத்துக்கினு போயிட்டே?"ன்னு கேட்டாரு. அது அங்கயேதான் இருந்துச்சு. வயசாயிடுச்சு, மறதின்னு நினைச்சுக்கினேன். எனக்குத் திண்டிவனம் பஸ்ஸைப் புடிக்கிற அவசரம். தரையைத் துடைக்க வந்த ஸ்டெல்லாம்மா சிரிச்சுக்கினே சொன்னாங்க: "இவருக்கு எந்த லைட்டும் புடிக்கலைப்பா, ஹால் பல்பையே மூணு தரம் மாத்திட்டாரு, எல்லாக் கம்பெனிக்காரனும் ஏமாத்தறானாம்."

டெஸ்ட்டு

அன்னிக்கு நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.

ரெண்டு மாசம் போனே இல்லை. விட்டுது சனியன்னு இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் ஸ்டெல்லாம்மா கூப்பிட்டாங்க. ரோட்டைத் தாண்டும்போது பக்கவாட்டுல வந்த ஷேர் ஆட்டோவைப் பார்க்காம, இடிபட்டு விழுந்திருக்காரு. கைக்குக் கட்டுப் போட்ட டாக்டருதான், கண்ணைக் காட்டுங்கன்னு பாண்டிக்கு அனுப்பியிருக்காரு. ரெண்டு கண்ணுலயும் பிரஷர். வலி இல்லாம, ஓரத்துலேர்ந்து பார்வையைத் தின்னுக்கினு வந்திருக்கு. வெளிச்சம் பத்தலைன்னுதான் முதல்ல தோணுமாம். மங்கலாத் தெரியுதுன்னப்பவே வந்திருந்தா நிறைய மிஞ்சியிருக்கும், போனது இனிமே திரும்பாதுன்னு கண் டாக்டரு சொல்லிட்டாராம். ஒரு கண்ணு முழுசாப் போச்சு. இன்னொண்ணுல குழாய் வழியா பார்க்கற மாதிரி கொஞ்சம்.

ஓடினேன். மூணு லைட்டும் நூறுல எரிஞ்சுக்கினு இருந்துச்சு. தொட்டி பூரா வெள்ளை. பாறைக்கு அடியில, நெழல்ல ஒதுங்கின ஒரே ஒரு காளான் பவளம் மட்டும் உயிரோட இருந்துச்சு. ரெண்டு லைட்டைக் கழட்டிட்டு, மிச்சத்தை முப்பத்தஞ்சுக்கு இறக்கினேன். பையைத் திறந்தப்ப மீட்டர் கையில தட்டுப்பட்டுது. லைட்டு மாறலை, மாறலைன்னு மாசா மாசம் எங்கிட்ட அது சொல்லிக்கினே இருந்துச்சு. அப்ப வேற எது மாறியிருக்கும்னு ஒரு தரமாவது நான் யோசிச்சேனா? "என்னை மன்னிச்சிடுங்க சார்"னேன். என் குரல் வந்த பக்கமா முகத்தைத் திருப்பினாரு. கோவமே இல்லாமத்தான் சொன்னாரு: "வேலையில இருந்த வரைக்கும் கண்ணை டெஸ்ட் பண்ணிக்கினே இருப்பாங்க தம்பி. ரிட்டயர் ஆனப்புறம் நடந்த ஒரே டெஸ்ட்டு உன் மீட்டருதான். அதுல நான் ஃபெயிலுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

இப்பல்லாம் யாராவது லைட்டு மங்கலா இருக்குன்னு கூப்பிட்டா, போன உடனே அவங்களை நேராப் பார்க்கச் சொல்லிட்டு, காதுக்குப் பக்கத்துல ரெண்டு விரலை நீட்டி "இது எத்தனை?"ன்னு கேக்கறேன், அதுல கடுப்பாகி மூணு பேரு வேற ஆளைப் பார்த்துக்கினாங்க, நல்லா இருக்கட்டும்.