தசமியா, ஏகாதசியா

எங்கள் பக்கத்தில் அந்தப் புராணத்தின் பெயரை யாரும் சும்மா சொல்வதில்லை. சாவு விழுந்த வீட்டில், காரியம் முடியும்வரை, சாயங்காலம் விளக்கேற்றி வைத்துப் படிப்பார்கள். முடிந்ததும் புத்தகம் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். வேறு நாளில் பிரித்தால், பிரித்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பயம். நானும் பெயரை எழுதவில்லை. உயிர் போனபின் என்ன ஆகிறது என்று கருடன் கேட்க, திருமால் பதில் சொல்வதாக அமைந்த நூல் என்றால் தெரிந்துவிடும்.

அதை நான் முழுதாகக் கேட்டது அண்ணன் இறந்தபோது. அண்ணன் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போட்டவர். பிள்ளைகள் இல்லை. நான் அரியலூரில் இருக்கிறேன். சிமெண்ட் ஆலை ஒன்றின் டைம் ஆபீசில், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதியே ஓய்வு பெற்றவன். வீட்டிலும் நோட்டு வைத்திருக்கிறேன். முதல் மழை விழுந்த நாள், கரண்ட் போன நேரம், யார் வந்தார், எப்போது கிளம்பினார் எல்லாம் அதில் இருக்கும். அண்ணனுக்கு அது தீராத வேடிக்கை.

ஆவணி மாதம், வளர்பிறை, செவ்வாய்க்கிழமை. நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்துவைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுத்தார். பின்சீட்டில் அண்ணன் தலை என் மடியில். அண்ணி முன்சீட்டில்.

"மணி எத்தனைடா?" என்றார் அண்ணன்.

"பத்து முப்பதுண்ணே."

"எழுதிக்க. பொழச்சு வந்தா காட்டு."

"சும்மா வாங்க. பேசப்படாது," என்றார் அண்ணி.

"இவன் எழுதலன்னா நான் செத்ததுகூட செல்லாது, தெரியுமுல்ல?"

ஆலத்தூர் கேட்டில் பெரிய ரோட்டில் ஏறும்போது, என் விரலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கை தானாகத் திரும்பியது, வாட்சைப் பார்த்தேன். 10.52.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"

"தூங்குறாருண்ணி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெரம்பலூர் வரை அண்ணி கேட்டுக்கொண்டே வந்தார். வேர்க்குதா, தலைய ஒசத்தி வச்சிருக்கீங்களா, தண்ணி கேட்டா குடுத்துடாதீங்க. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அண்ணன் தலை மடியில் கனத்துக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரித் தாளில் இறந்த நேரம் 11.25 என்று போட்டார்கள். அன்று 11.08 வரை தசமி, அதன்பின் ஏகாதசி. காரியம் செய்ய வந்த ஐயர் தாளையும் பஞ்சாங்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏகாதசி மரணம்! எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நேரே வைகுண்டம்தான் போங்க," என்றார்.

தரையில் சுருண்டு கிடந்த அண்ணி எழுந்து உட்கார்ந்தார். "ஏகாதசியாங்க சாமி?"

அந்த முகத்தைப் பார்த்தபின் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என் நோட்டிலும் 11.25 என்றே எழுதினேன். கண்ணால் பார்த்ததைவிட முத்திரை குத்திய தாள்தான் பெரிது என்று ஆபீஸ் என்னைப் பழக்கியிருந்தது.

படிக்க வந்தவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார். முதல் நாள் வைக்கும் பிண்டத்தால் இறந்தவருக்குத் தலை உண்டாகும். அடுத்த நாள் கழுத்தும் தோளும். அப்படியே நாளுக்கொன்றாக உடம்பு சேர்ந்து, பத்தாம் நாள் பசியும் தாகமும் வரும். பிறகு நடை. ஒரு வருஷப் பாதை, நடுவில் வைதரணி ஆறு. நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. மாதாமாதம் இறந்த திதியில் வீட்டார் வைப்பதுதான் வழிச்சோறு.

"நம்ம ஆளு ஏகாதசிக்காரரு, அவருக்கு பஸ்சுலயே சீட்டு கெடச்சுரும்," என்று சித்தப்பா மெதுவாகச் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். தசமியில் போனவர் நடந்துகொண்டிருப்பாரே என்று எனக்குத் தோன்றியது.

பயத்தைப் போக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, தேதி தேடுவது. அரியலூர் நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் புராணம் எப்போது எழுதப்பட்டது என்று தேடினேன். அறிஞர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஒரு கை எழுதியதில்லை, நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்தது. சாவைப் பற்றிய பகுதி பின்னால் சேர்ந்ததாக இருக்கலாம். சாவு வீட்டில் படிப்பது பெரும்பாலும் பிற்காலத்துச் சுருக்கம். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் குவாரியில் கிடைக்கும், நத்தை உருவம் பதிந்த கல்லுக்கு இத்தனை கோடி வருஷம் என்று வயது சொல்லிவிடுகிறார்கள். இதற்குச் சொல்ல முடியவில்லை.

யாரோ மனிதர்கள் எழுதியதுதானே என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு அந்த நினைப்பே என் பக்கம் திரும்பிக்கொண்டது. எல்லா உலகமும் பறந்து பார்த்த கருடன், பூமியில்தான் இவ்வளவு துக்கம் என்று கண்டு வந்து கேட்கிறான். அந்தக் கேள்வியை எழுதியவர் யாரையோ பறிகொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். போனவருக்கும் இருப்பவருக்கும் நடுவில் அறுந்துபோகாமல் ஒரு பிடி சோற்றையும் ஒரு கை நீரையும் வைத்திருக்கிறார். இருப்பவர் செய்ய வேண்டியது அது ஒன்றுதான், அதுவும் அந்த நாளில். அந்த நாளைத்தான் நான் மாற்றி வைத்திருந்தேன்.

மாதாமாதம் ஏகாதசியன்று செட்டிகுளம் போய் இலை போட்டேன். முந்தின நாள் தசமியில் எனக்குச் சோறு இறங்காது. இன்றே கையை நீட்டிக்கொண்டு நிற்பாரே என்று தோன்றும். பகலில் குவாரி வெடியில் ஜன்னல் அதிர்ந்தால்கூட எழுந்து போய் வாசலைப் பார்ப்பேன்.

வருஷத் திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் 10.52ஐச் சொல்லிவிட்டேன். அண்ணி வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார். கத்தி நின்றது.

"அப்ப ஏகாதசி இல்லயா?"

"இல்லண்ணி. தசமி."

"ஒரு வருஷமா ஒரு நாள் தள்ளித் தள்ளியா சோறு வச்சோம்?"

அவர் பயந்துபோய் வாசலைப் பார்த்தார், அங்கே யாரோ நிற்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு வருஷமாகப் பயந்தது இந்தப் பார்வைக்குத்தான்.

"ஆலத்தூர் கேட்டுலேருந்து நான் யாருகிட்ட தம்பி பேசிக்கிட்டு வந்தேன்?"

கத்தியைக் கீழே வைத்தார்.

"திரும்பி ஒரு தடவ மூஞ்சியப் பாத்துருப்பேன்ல. கையத் தொட்டுருப்பேன்ல. தூங்குறாருன்னீங்களே."

அன்று அவர் எனக்குக் காபி கொடுக்கவில்லை. நான் பஸ் ஏறும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "தசமிக்கே வரச் சொல்லுங்க."

தசமியன்று ஐயர் தாளைக் காட்டி முனகினார். "தாள் கெடக்கட்டும் சாமி, மடியில வச்சிருந்தவரு சொல்றாரு," என்றார் அண்ணி. மறுநாள் ஏகாதசிக்கும் இன்னொரு இலை போட்டார். "பன்னெண்டு மாசமா அன்னிக்குத்தான் வந்து பழகியிருப்பாரு. வந்து பாத்துட்டு வெறுங்கையோட போவணுமா?"

கிளம்பும்போது, நோட்டில் 11.25ஐ அடித்து 10.52 என்று எழுதியதைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"நான் போறப்ப நீங்க பக்கத்துல இருந்தா, வாட்ச்சப் பாக்காதீங்க. இருக்குறவங்களக் கூப்புட்டுச் சொல்லுங்க."

சரி என்றேன். பெரம்பலூர் பஸ் ஆலத்தூர் கேட்டில் திரும்பும்போது வாட்ச் கட்டிய கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டேன்.