நாய் வரைக்கும் வந்த கதை

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேர் தாலாட்டு. அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஆள் நெட்டை, மீசை துடைப்பம், குரல் மட்டும் தேன். இந்த மீசைக்குள்ளிருந்தா இந்தக் குரல் என்று புதிதாக வரும் நர்ஸுகள் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் அவர் மயக்க மருந்து டெக்னீஷியன். சிலிண்டரைச் சரிபார்ப்பது, குழாய் மாட்டுவது, மாஸ்க்கைப் பிடிப்பது, இதெல்லாம் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. சம்பளமில்லாமல் செய்கிற வேலை கதை சொல்வது.

மற்ற இடங்களில் நோயாளியை நூறிலிருந்து கீழ்நோக்கி எண்ணச் சொல்வார்கள். படுத்துக் கிடக்கிறவருக்கு இருக்கிற பயம் போதாதென்று கணக்குப் பரீட்சை வேறு. தாலாட்டுக்குக் கணக்கு என்றாலே காது வலிக்கும், அவ்வளவு திருகு வாங்கிய காது. அதனால் கதை. அதுவும் ஒரே கதை. கேட்கிறவர்கள் தினமும் மாறுவதால் பழைய சரக்கு என்று யாரும் முகம் சுளித்ததில்லை.

டிப்ளமோ படிக்கும்போது பாடப்புத்தகத்தின் முதல் பாடம், பழங்காலத்தில் எப்படி மயக்கினார்கள் என்பது. அது ஒன்றுதான் அவர் மண்டையில் ஒழுங்காக ஏறியது. பரீட்சையில் அதிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. படித்தது வீணாகக் கூடாதே என்று நோயாளிகள் தலையில் கட்டிவிட்டார்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்கு மாற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"மேன்ட்ரேக்னு ஒரு செடி. கத்திரிக்காய்க்கு ஒண்ணுவிட்ட அண்ணன் முறை. இலை தரையோட தரையாப் படுத்திருக்கும். பூ ஊதா. பழம் சின்ன மஞ்சள் உருண்டை, வாசனை நின்னு பார்க்க வைக்கும். மண்ணுக்குக் கீழ வேர் இருக்கே, அது ரெண்டு காலை நீட்டிப் படுத்திருக்கிற ஆள் மாதிரியே இருக்கும். இப்ப நீங்க படுத்திருக்கீங்க பாருங்க, அதே மாதிரி."

இங்கே நோயாளி லேசாகச் சிரிப்பார். மயக்க டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுப்பார்.

"கிரேக்க தேசத்துல அதுக்கு மாண்ட்ரகோரஸ்னு பேர். ஏன் அந்தப் பேருன்னு இன்னிக்குக் கேட்டா யாருக்கும் தெரியாது. பேர் கப்பலேறி ஊர் ஊராப் போச்சு. இங்கிலீஷ்காரன் காதுல விழுந்ததும் வாலை நறுக்கிட்டான். முன்பாதியில மேன், அதாவது மனுஷன், இருக்கான். வேரும் மனுஷன் மாதிரி இருக்கு. சரியாப் போச்சுன்னு, பின்பாதிக்கு டிராகனுக்கு இருந்த பழைய சொல் ஒண்ணை ஒட்டிக்கிட்டான். பாரசீகத்துல சுத்தி வளைக்கவே இல்லை, மனுஷச்செடின்னே சொல்லிட்டாங்க. அரபு பேசுறவங்க ஜின்ங்கிற பூதத்தோட ஆப்பிள்னாங்க. யூதங்க பேசுற எபிரேயத்துல அந்தப் பழத்தோட பேர், காதலுங்கிற சொல்லுக்குச் சொந்தக்காரப் பேர்..."

எபிரேயம் வரும்போது இமைகள் பாதி இறங்கிய ஷட்டர் மாதிரி நிற்கும். மேலே விளக்குகள் குளத்தில் விழுந்த நிலாக்களாக ஆடத் தொடங்கும். தாலாட்டின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வரும்.

"வேரைத் திராட்சை மதுவுல கொதிக்க வெச்சு, அறுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் குடுப்பாங்க. கடற்பஞ்சுல சாறை ஊத்திக் காயவெச்சு, வேணும்போது நனைச்சு மூக்குகிட்ட காட்டுவாங்க. இலையை அரைச்சு வீக்கத்துக்குப் பத்து போடுவாங்க. தூக்கமில்லாதவங்களுக்கும் அதுதான். ஆனா பிடுங்குறது லேசில்லை. பிடுங்கினா வேர் அலறும், அந்த அலறலைக் கேட்டவன் பிழைக்க மாட்டான்னு நம்பினாங்க. அதனால ஒரு நாயைக் கூட்டிட்டு வந்து, அது கழுத்துக் கயித்தைச் செடியில கட்டி, காதுல மெழுகை அடைச்சுக்கிட்டு, தள்ளி நின்னு ஒரு துண்டு இறைச்சியைக் காட்டி..."

அவ்வளவுதான். நாயைத் தாண்டி யாரும் வந்ததில்லை. சுமை தூக்குகிறவர், வக்கீல், பிரசவத்துக்கு வந்தவள், எல்லோரும் நாய் வரைக்கும்தான். இறைச்சித் துண்டு காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே குறட்டை. எழுந்தபிறகு வலி இருக்கும், தாகம் இருக்கும். நாய் ஞாபகம் யாருக்கும் இருக்காது.

அந்தப் பாடத்தில் தாலாட்டு யாரிடமும் சொல்லாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அந்தக் காலத்து மருந்துக்கு அளவு என்பது குத்துமதிப்பு. கிண்ணம் கொஞ்சம் கூடிப்போனால் தூங்கினவர் தூங்கினவர்தான். இரண்டாவது, அந்த நாயின் முடிவு. இன்றைக்கு அந்த வேரைக் காய்ச்சி யாருக்கும் புகட்டுவதில்லை. அதிலிருக்கும் சத்துக்கு உறவான மருந்து மட்டும், எச்சிலை வற்றவைக்கவும் சோர்ந்த இதயத்தைத் தட்டி ஓட்டவும், அளவாகக் குப்பியில் அடைபட்டுத் தியேட்டர் அலமாரியில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

இப்படி ஊரையே தூங்கவைத்தவருக்குத் தூக்கம் போனது அக்காவால்.

அக்காவுக்கு இஸ்திரிக்கடை. நாலு சட்டை மடிப்பதற்குள் நாற்பது பேரை வம்புக்கு இழுக்கிற வாய். அவளுக்குப் பித்தப்பையில் கல். எடுத்தே ஆகவேண்டும், இனியும் தள்ளினால் அடைத்துக்கொண்டு உயிருக்கே உலை வைக்கும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அக்காவோ தேதி குறிப்பதும், அன்றைக்குப் பார்த்து கடையில் வேலை குவிந்துவிடுவதுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் தாலாட்டு கடைக்குப் போனார். அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து ஒரு காலரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"வலிக்குதா?"

"கீழ விழுந்த பட்டனைத் தேடினேன்."

"கண்ணை மூடிக்கிட்டா தேடினே?"

இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. வாசலில் மூன்றுகால் நாய் ஒன்று வெயிலுக்கு முதுகைக் கொடுத்துப் படுத்திருந்தது. தினம் அக்கா கையால் பன் தின்று, கடைக்குப் பங்குதாரர் மாதிரி ஆகிவிட்ட நாய்.

"கத்திக்கு எனக்குப் பயமில்லைடா," என்றாள், துணியைப் பார்த்தபடியே. "தூக்கத்துக்குத்தான். நானா தூங்கினா நானா எந்திரிப்பேன். அடுத்தவங்க தூங்கவெச்சா சாவி அவங்க கையில இல்ல இருக்கு?"

"சாவி என் கையிலதானக்கா இருக்கும்."

"அதான் இன்னும் பயமா இருக்கு. வீட்டுச் சாவியையே எத்தனை தடவை தொலைச்சிருக்கே நீ."

தாலாட்டு வாய்க்குப் பழகிய வேலையைச் செய்தார். மேன்ட்ரேக்னு ஒரு செடி என்று ஆரம்பித்தார். அக்கா தேய்த்துக்கொண்டே கேட்டாள். கத்திரிக்காய் உறவுக்குச் சிரித்தாள். ஜின்னின் ஆப்பிளுக்கு "விலை என்னவாம்" என்றாள். சட்டைகள் ஒவ்வொன்றாகக் கை கட்டிக்கொண்டு அடுக்கில் படுத்தன. ஆவிக்குள் அக்காவின் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. நாய் வந்தது, கயிறு வந்தது, இறைச்சி வந்தது. தாலாட்டின் குரல் பழக்கதோஷத்தில் தானாக நின்றது.

"அப்புறம்?" என்றாள் அக்கா.

இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் ஒருத்தரும் அப்புறம் கேட்டதில்லை. புத்தகத்தில் நாய் செத்துப்போகிறது. வாசலில் மூன்றுகால் பங்குதாரர் காதைச் சொறிந்துகொண்டிருக்கிறார். இதை எப்படிச் சொல்வது?

"டேய், உன்னைத்தான். நாய் என்ன ஆச்சு?"

அக்காவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. பக்கத்துவீட்டுச் சண்டை பாதியில் நின்றால்கூட, சமாதானம் பேசுகிற சாக்கில் போய் மீதியைக் கேட்டுவிட்டு வருகிறவள். தாலாட்டுக்கு அது ஞாபகம் வந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் சொல்றேன்."

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "திருட்டுக் கழுதை," என்றாள். பிறகு வெளியே நாயைப் பார்த்தாள். "எப்ப வரணும்?"

அவள் சம்மதித்ததில் தாலாட்டுக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதியை நாய் தின்றது. மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டார்.

"மேடம், அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆகியிருக்கும்?"

"எனக்கும் நாய் வரைக்கும்தான் தெரியும், தாலாட்டு. அதுக்கு மேல நான் மானிட்டரைப் பார்க்கப் போயிடுவேன்." டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "அக்காவுக்கு மாஸ்க்கை நான் பார்த்துக்கிறேன். உங்க கை ஆடும். நீங்க வாயை மட்டும் பார்த்துக்குங்க."

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் அக்கா பச்சை அங்கிக்குள் மிகச் சின்னவளாக இருந்தாள். தாலாட்டு தலைமாட்டில் நின்றார். கை இரண்டும் வேலையில்லாமல் தொங்கின. குரல் பிசிறியது.

"சத்தமாச் சொல்லுடா. எறும்புக்கா சொல்றே?"

சொன்னார். வேர் காலை நீட்டிப் படுத்தது. பேர் கப்பலேறியது. மஞ்சள் பழங்கள் எங்கோ ஒரு மலைச்சரிவில் மணத்தன. அக்காவின் கண்ணுக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. நாய் வந்து நின்றது. அக்காவின் உதடு "அப்" என்றது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கல்லைக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். இந்தக் கடுகுக்கா இத்தனை கூத்து என்று தாலாட்டு நினைத்துக்கொண்டார். ஆனால் அக்கா விழிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர் விழித்து, தண்ணீர் கேட்டுத் திட்டு வாங்கி, வார்டுக்கும் போய்விட்டார். மூச்சு சீராக இருந்தது, மானிட்டர் பச்சைக்கோடு போட்டுக்கொண்டே இருந்தது.

"சில பேர் மெதுவாத்தான் வருவாங்க. பயப்பட ஒண்ணுமில்லை," என்றார் டாக்டரம்மா. இதே வார்த்தையைத் தாலாட்டு எத்தனையோ வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொள்ளும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. கூடிப்போன கிண்ணங்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

அக்காவின் கையை எடுத்து வைத்துக்கொண்டார். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகள், சின்னச் சின்னப் படகுகள் மாதிரி. ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கியது. காதருகே குனிந்து கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். நாய் வந்தது. கயிறு, மெழுகு, இறைச்சி. முதல்தடவையாக அங்கே நிற்காமல் தாண்டினார்.

"நாய் பாஞ்சுது. கயிறு இழுபட்டுது. வேர் வெளிய வந்துது. ஒரு அலறல். நாய்..."

அதற்கு மேல் வரவில்லை.

"...காதை உதறுச்சு," என்றது கட்டில்.

தாலாட்டு அசையவில்லை.

"உதறிட்டு எந்திரிச்சுது," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல், சொல்லுக்குச் சொல் நீந்தி வந்து. "நான்தான் பக்கத்துல நின்னேனே. அந்த ஆளு இறைச்சியைக் காட்டி ஏமாத்திட்டான்டா. அதுக்கு நல்ல பசி. பன் வாங்கிக் குடுத்தேன். என்கூடவே நடந்து வந்துது."

"எது வரைக்கும்க்கா?"

"இங்க வரைக்கும்தான். வெளிய நிக்குது." கண்ணைத் திறந்து ஒருதரம் பார்த்தாள். "உன் மூஞ்சி ஏன் கசங்கிக் கிடக்கு? நல்லாத் தேய்ச்சு வைக்கணும். சரி போ. இப்ப நானாத் தூங்குறேன்."

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தாலாட்டு இன்றுவரை அவளிடம் மூச்சு விடவில்லை.

தியேட்டரில் இப்போதும் அதே கதைதான். இப்போதும் எல்லோரும் நாய் வரைக்கும்தான் வருகிறார்கள். ஆனால் அவர் அங்கே நிறுத்துவதில்லை. மூடிய கண்களுக்கு, நாய் எழுந்து காதை உதறுவதையும், பன் தின்பதையும், கூடவே நடந்து வருவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வாயை மூடுகிறார். டாக்டரம்மா மானிட்டரைப் பார்த்துக்கொண்டே அதுவரைக்கும் கேட்கிறார்.