முப்பது கத்திகளும் ஒரு தொண்டையும்

இடிவாத்தியார் வாயைத் திறந்தால், நாலு தெரு தள்ளிச் சைக்கிளில் போகிறவரும் இறங்கி விறைப்பாக நிற்பார் என்பது படைமுகாமில் வழங்கிய பேச்சு. அவர் “வலப்பக்கம் திரும்பு” என்றதும் கம்பியில் இருந்த காக்கைகள் வரிசையாகத் திரும்பின என்று முகாம் சமையல்காரர் சொல்வார். அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் ஒரு காக்கையாவது தேறும்.

துப்பாக்கி நுனியில் செருகும் பயோனெட் கத்தியைப் புதுச் சிப்பாய்களுக்குப் பழக்குவது இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. மைதானத்து ஓரத்தில் மரச்சட்டங்களில் முப்பது வைக்கோல் மூட்டைகள் தொங்கும். ஓடிவந்து குத்த ஒரு கட்டளை, உருவ ஒரு கட்டளை, அடுத்த எதிரிக்குத் தயாராக ஒரு கட்டளை. ஒவ்வொன்றிலும் முன்பாதியை மாவு போல இழுப்பார். பின்பாதியை வெங்காயம் போல நறுக்குவார். நறுக்கு விழும்வரை எவனும் அசையக் கூடாது.

“நான் சொல்லாம எவனாவது அசைஞ்சா, மூட்டையை இறக்கிட்டு அவனைத் தொங்கவிடுவேன்” என்பது முதல் நாள் பாடம்.

வீட்டில் ஆளே வேறு. வெளியே புலி, வீட்டில் எலி என்றுகூடச் சொல்ல முடியாது. எலியாவது கொஞ்சம் சத்தம் போடும். மனைவி பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். அவர் பென்சிலைத் தூக்கினால் பஸ்ஸே கிளம்பிவிடும், புருஷன் எம்மாத்திரம்.

அந்த வருஷம் வாத்தியாருக்குத் தொண்டை கட்டியது. “ஒரு மாசம் கத்தாதீங்க. மீறினா அப்புறம் ஜாடைதான்” என்றார் டாக்டர். வாத்தியார் அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. குரல் போன வாத்தியாரை ஸ்டோருக்கு அனுப்பி, பூட்ஸுக்கு ஜோடி தேட வைப்பது முகாம் வழக்கம். மைதானத்தை விட்டு அந்த இருட்டு அறைக்குப் போக அவருக்கு மனசில்லை.

புது மேஜர் பார்வையிட வந்த நாளில்தான் வினை வந்தது. “முன்னே... குத்து” என்றார். முப்பது கத்திகளும் ஒரே சத்தமாக மூட்டைக்குள் போயின. “பின்னே...” என்று இழுத்தார். தொண்டை அடைத்துக்கொண்டது. காற்றுதான் வந்தது.

முப்பது பேரும் குத்தியபடியே நின்றார்கள். வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருவன் தும்மினான், கத்தியை எடுக்காமலேதான் தும்மினான். மேஜர் வரிசையோரம் நடந்துவந்து, கடைசியில் நின்ற நெட்டையனிடம் நின்றார்.

“ஏன்யா இப்படியே நிக்கறே?”

“உருவச் சொல்லல சார்.”

“இப்ப இன்னும் நாலு எதிரி வந்தா?”

நெட்டையன் நிதானமாக யோசித்தான். “அவங்களும் காத்திருக்கணும் சார்.”

மேஜர் சிரிக்கவில்லை. வாத்தியாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “தொண்டை போனது உங்க தப்பில்ல வாத்தியாரே. ஆனா நீங்க வாய் திறக்கலேன்னா உங்க ஆளுங்க செத்துப் போவாங்க. பத்து நாள் தரேன். ‘உருவு’ன்னு சொல்லாம அவங்களை உருவ வச்சுக் காட்டுங்க. முடியலேன்னா ஸ்டோர்.”

வாத்தியார் துணி மடித்துக்கொண்டே இதை மனைவியிடம் கிசுகிசுத்தார். அவர் கேட்டுவிட்டு, “காலையில உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்?” என்றார்.

“துணின்னு சொன்னே.”

“துவைங்கன்னு சொன்னேனா? பிழியச் சொன்னேனா? தூறல் விழுந்ததும் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தீங்களே, அது யார் போட்ட ஆர்டர்?”

வாத்தியார் கையிலிருந்த தலையணை உறையைப் பார்த்தார்.

“நானும் முதல்ல ஒவ்வொண்ணாத்தான் சொன்னேன். ஒருநாள் நான் சொல்லலேன்னு மழையில விட்டுட்டு, நனைஞ்ச யூனிஃபார்மைப் போட்டுட்டுப் போனீங்க பாருங்க, அன்னிக்கே உங்களுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.”

“அப்ப நானும் உனக்குப் புதுச் சிப்பாய்தானா?”

“பின்ன? மடிக்கிறதுல இன்னும் பாஸ் பண்ணல.”

மறுநாள் அவர் முப்பது பேரையும் ஒரு மூட்டையைச் சுற்றி உட்காரவைத்தார். அவர் கிசுகிசுத்ததைக் கேட்கக் கழுத்தை நீட்டினார்கள். “கத்தி ஒருத்தன்கிட்ட மாட்டியிருக்கிறவரைக்கும் அடுத்தவனுக்கு நீ வெறுங்கை. குத்தின மூச்சிலேயே உருவு” என்றார். பிறகு குத்துகிற ஒவ்வொருவனுக்கும் பின்னால் இன்னொரு மூட்டையைக் கயிற்றில் கட்டி ஆடவிட்டார். உருவத் தாமதித்தவன் முதுகில் அது வந்து மோதியது. முதல் நாள் முப்பது பேரும் மண்ணைக் கவ்வினார்கள். நெட்டையன் நாலு தடவை. வாத்தியார் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டுவதை மூட்டை பார்த்துக்கொண்டது.

பத்தாம் நாள் மேஜர் வந்தார். வாத்தியார் கையைத் தூக்கி இறக்கினார். ஓடினார்கள், குத்தினார்கள், உருவினார்கள். பழைய ஒரே சத்தம் இல்லை; தூறல் போல முன்னே பின்னே விழுந்தது. வாத்தியாரின் காதுக்கு அது கொஞ்சம் வலித்தது. மேஜர் தாமே ஒரு கயிற்றைப் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் நெட்டையன் பக்கம் மூட்டையை வீசினார். அவன் திரும்பினான், குத்தினான், உருவிக்கொண்டு நின்றான்.

“இப்ப உருவ யார் சொன்னா?”

“யாரும் சொல்லல சார். எடுக்கலேன்னா அடுத்தது முதுகுல விழும்.”

மேஜர் வாத்தியாரிடம் திரும்பினார். “பூட்ஸுக்கு ஜோடி தேட வேற ஆள் பார்த்துக்கறேன்.”

ஒரு மாதத்தில் குரல் திரும்பியது. ஆனால் ‘உருவு’ என்று அதன்பின் அவர் கூவவே இல்லை. ‘குத்து’ என்றதோடு வாயை மூடிக்கொண்டு, முப்பது கத்திகள் தாமாக வெளியே வருவதை, தன் கையால் சோறு தின்னத் தொடங்கிய பிள்ளையைப் பார்க்கும் தகப்பன் போல, பார்த்துக்கொண்டு நிற்பார்.