பியாட்ரிஸின் பகல் தூக்கம்

பகலில் காலை நீட்டிப் படுப்பவர்களைச் சோம்பேறி என்பார்கள். பியாட்ரிஸுக்கோ பகல் தூக்கம்தான் பிழைப்பு. அந்தத் தூக்கம் கிடைக்காமல்தான் அந்தப் பெண்மணி நடைபிணமாகிக்கொண்டிருந்தாள்.

மர்பி டவுனில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று அவளுடையது. பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்கு ராத்திரி ஆயா வேலை. விடிந்ததும் அல்சூர் ஏரிக் காற்று முகத்தில் அறைய வீட்டுக்கு நடந்து வருவாள். கணவன் டொமினிக், துரைமார் கிளப்பில் பட்லராக இருந்து வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டியுமாக வலம் வந்தவன். பக்கவாதம் வந்து இரண்டு கால்களையும் பிடுங்கிக்கொண்டது. வாயை மட்டும் விட்டுவைத்தது.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம், அவள் முன்பு வேலை செய்த பங்களா துரைசானி கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான் அவள் வீட்டுக் குக்கர். தடித்த அலுமினியச் சட்டி, முறுக்கிப் பூட்டும் மூடி, மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம், உச்சியில் ஆடிக்கொண்டு சீறும் ஒரு குண்டு. ரேஷன் விறகோ ஈரம், ரேஷன் தானியமோ கல். வேலையிலிருந்து வந்து அடுப்பை ஊதி ஊதியே அவள் தூங்கும் நேரம் போய்விடும். 'இனி அந்தக் கஷ்டமில்லை, மாதாவே!' என்று குக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவள்தான் பியாட்ரிஸ்.

பாவம், வாசம் சுவருக்குள் நிற்குமா? முதல் ஞாயிறு எலும்புக் குழம்பு கொதித்ததும் பக்கத்து வீட்டு பிரிஜெட் எட்டிப் பார்த்தாள். மறுநாள் ஊறவைத்த கொள்ளோடு வந்தாள். அப்புறம் எதிர்வீடு, மூலைவீடு. எதிர்வீட்டுப் பாகீரதி மட்டும் துவரம் பருப்பைத் தன் பித்தளைச் சொம்பிலேயே கொண்டுவந்தாள்.

"சொம்பைத் தூக்கி அப்படியே உள்ள வையுங்க ஆயாம்மா. உங்க மாட்டுக்கறி வெந்த சட்டி, என் பருப்புல படக்கூடாது."

"படாதும்மா. ஆவி மட்டும் படும்," என்றான் டொமினிக் கட்டிலிலிருந்து. "அதுக்கு ஏது ஜாதி?"

பாகீரதியே சிரித்துவிட்டாள்.

அவரவரே வேகவைத்துக்கொள்ளலாமே என்றால், பயம். பிரிஜெட்டின் கணவன் ஆம்ப்ரோஸ் ஒருநாள் அவசரப்பட்டு இடுக்கியால் குண்டைத் தூக்க, மொச்சைத் தண்ணீரும் நுரையுமாகக் கூரை ஓடுவரை பீறிட்டு அடித்தது. ஒரு புருவம் வெந்து உதிர்ந்ததோடு தப்பினான். அன்றிலிருந்து, பியாட்ரிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாலொழிய யாரும் அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றுவதில்லை.

அவள் கண்ணயரும் நேரம் பார்த்து வாசலில் பாத்திரம் கணகணக்கும். "வாங்க, வாங்க, வையுங்க! அவ இப்ப எழுந்துடுவா," என்று டொமினிக் வரவேற்பான். வந்தவர்கள் வேகும்வரை உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நாலு சுவரைப் பார்த்துக் கிடந்தவனுக்கு அது திருவிழா. கிளப்பில் எந்தக் கர்னல் எத்தனை கிளாஸ் குடித்து எந்தப் பூந்தொட்டியில் விழுந்தான் என்று அளப்பான். அந்த முகத்தின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, 'போங்கள், நான் தூங்க வேண்டும்' என்று சொல்ல எந்த மனைவிக்கு நாக்கு எழும்?

ஒருநாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் அது நடந்தது. அப்போதுதான் பிறந்த சிசுவைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள் பியாட்ரிஸ். கண் செருகியது. மடி தளர்ந்தது. மேட்ரன் ஓடிவந்து ஏந்தியிராவிட்டால்... ஐயோ, அதை எழுதவே கை கூசுகிறது!

"இன்னொரு தடவை நீ கண்ணை மூடினா சீருடைப் புடவையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிடு," என்றாள் மேட்ரன். அதைவிட, ஒன்றும் அறியாமல் கொட்டாவி விட்ட அந்தக் குழந்தையின் வாய்தான் பியாட்ரிஸை வழியெல்லாம் துரத்தியது.

வீட்டு வாசலுக்கு வந்தால் அன்றைக்கும் பாத்திரங்கள் வரிசையாகக் காத்திருந்தன. அவள் நேராக உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். மூடியைத் திருப்பி, ரப்பர் வளையத்தைப் பிடுங்கி, நெருப்பில் போட்டாள். அது புழுவாய் நெளிந்து, கருத்து, உருகியது. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. புகையினாலா, துக்கத்தினாலா, அவளுக்கே தெரியவில்லை.

"ரப்பர் கருகுற நாத்தம் வருதே, பியாட்ரிஸு," என்றான் டொமினிக் மெதுவாக.

"ஆமாங்க."

"வளையமா?"

"ஆமாங்க. தூக்கக் கலக்கத்துல, மடியில இருந்த குழந்தையை ராத்திரி கீழ விட்டிருப்பேங்க..." அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

அவன் வாசலில் காத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தான். அவன் சாப்பாட்டைப் பறித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான். அவள் பறித்தது அவனுடைய மனிதர்களை அல்லவா?

பிரிஜெட் உள்ளே வந்தாள். "இன்னாக்கா, இன்னும் ஏத்தலியா? என் மொச்சை முளைச்சே போயிடும் போல."

பியாட்ரிஸ் வாய் திறக்குமுன் டொமினிக் முந்திக்கொண்டான். "வளையம் போச்சும்மா. நான்தான் நெருப்புல போடச் சொன்னேன். மூடி இனிமே பூட்டாது. திட்டறதுன்னா என்னைத் திட்டு."

பிரிஜெட் அவனைப் பார்த்தாள். சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்த பியாட்ரிஸைப் பார்த்தாள். குழி விழுந்த அந்தக் கண்களை இத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் பார்த்தாள் போலிருக்கிறது. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப இது இனிமே வெடிக்காதா?"

"எப்படி வெடிக்கும்? வெறும் சட்டிதானே," என்றாள் பியாட்ரிஸ்.

"அடக் கடவுளே! அப்ப எங்களுக்கு இன்னா பயம்? அடி கனமான சட்டி, கரி அடுப்புல வச்சா மெதுவா வேகட்டும், அடியும் பிடிக்காது. என் வீட்டுலயே வச்சுக்கறேன். ஆளாளுக்கு முறை போட்டுக்கறோம். நீ படுக்கா." அப்புறம் தெருப்பக்கம் திரும்பிக் கத்தினாள்: "ஏய் ஆம்ப்ரோஸு! இங்க வா! கட்டிலை ஒரு பக்கம் பிடி!"

"கட்டில் எதுக்கு?" என்றான் டொமினிக் பதறி.

"மெதுவா வேகற சட்டிக்குக் காவல் வேணாமா அண்ணே? பொழுதுக்கும் கிண்டிவிட யாருக்கு நேரமிருக்கு? உனக்குக் கால்தானே வராது. கை நல்லாத்தானே இருக்கு?"

"கைக்கு என்ன குறைச்சல்! அகப்பையைக் கொடு, உன் புருஷனோட மீதிப் புருவத்தையும் பத்திரமாப் பாத்துக்கறேன்," என்றான் டொமினிக்.

ஆம்ப்ரோஸும் மூலைவீட்டுக்காரனும் கட்டிலோடு அவனைப் பிரிஜெட் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டும்போது அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான். தூங்கு என்று அர்த்தம்.

வீடு காலியாகக் கிடந்தது. பியாட்ரிஸ் கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரித்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் டொமினிக்கின் குரல் கேட்டது. ஒரு கர்னல் மறுபடியும் ஏதோ ஒரு பூந்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தான். யாரோ சிரித்தார்கள். வேலை நிலைக்குமா, அடுத்த மாதமும் இந்த உடம்பு ஓடுமா என்று யோசிக்க நினைத்தாள். அதற்குக்கூடத் தெம்பில்லை. சீருடைப் புடவையை மாற்றாமலே, கொண்டையை அவிழ்க்காமலே, ஈரமான கன்னத்தைக் கையில் வைத்துத் தூங்கிப் போனாள்.